முழு மனிதனும் மூன்று வேளை மருந்தும்

அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பகுதியில் ஒரு முற்பகற் பொழுதைக் கழித்தவர்களுக்கு இக்காட்சி புதிதாயிராது. நீரிழிவுக்கு ஒரு கிளினிக், இரத்த அழுத்தத்துக்கு மற்றொன்று, கண்ணுக்கு வேறொன்று, மூட்டு வலிக்கு இன்னுமொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பி. அக்கொப்பிகளையெல்லாம் ஒரு பையிலிட்டு மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் அமர்ந்திருக்கும் மூதாட்டியார் மட்டும் ஒருவரே. மகன் கடல் கடந்து போன நாள் முதலாக அவருக்கு இரவில் உறக்கமில்லை. தனியே சமைத்து உண்ண மனமின்றிப் பாணும் சீனி போட்ட தேநீருமாகப் பொழுதைக் கழிக்கிறார். இச்செய்தி அக்கொப்பிகளுள் எதிலும் எழுதப்படவில்லை. சீனி குறையவில்லையென்று மருந்தின் அளவைக் கூட்டி அனுப்புகிறார்கள்.

‘முழுமைநோக்கு மருத்துவம்’ என்று இந்நாளிற் பேசப்படும் கொள்கை இந்தக் குறையிலிருந்தே தன் பலத்தைப் பெறுகிறது. நோயைப் பார்ப்பது போதாது, நோயாளியைப் பார்க்கவேண்டும். உடல், மனம், குடும்பம், தொழில், வாழும் சூழல் யாவும் சேர்ந்தே ஒருவரை நலமுடையவராகவோ நோயுற்றவராகவோ ஆக்குகின்றன என்பது அதன் சாரம். கேட்டவுடன் தலையசைக்கத் தோன்றும் கொள்கை இது. ஆனால் எல்லாரும் உடனே தலையசைக்கும் கொள்கையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. இதனைக் கடுமையாகக் கண்டித்த அறிஞர்களும் பலர் உளர். அவர்கள் சொல்வதையும் கேட்ட பின்பே நாம் ஒரு முடிவுக்கு வரலாம்.

கருத்து மிகப் பழையது. கிரேக்க ஞானி பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றிலே, தலைவலியால் வருந்தும் இளைஞன் ஒருவனிடம் சோக்கிரதீஸ் பேசுகிறார். தலையை விட்டுக் கண்ணையும், உடலை விட்டுத் தலையையும், ஆன்மாவை விட்டு உடலையும் குணப்படுத்த முயல்வது வீண் என்று திரேசிய நாட்டு வைத்தியன் ஒருவன் தமக்குக் கற்பித்ததாக அவர் கூறுகிறார். நம் சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் நிலையை நோக்கி, நோயாளியின் உணவு, உறக்கம், மலசலம், பருவகாலம் ஆகியவற்றையெல்லாம் விசாரித்தே மருந்து கொடுப்பன. திருக்குறளின் மருந்து அதிகாரத்திலும் இதன் சாயல் உண்டு. ஆனால் அங்கே கவனிக்கத்தக்க ஒன்றுள்ளது. ஒரு குறள் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து கண்டுபிடிக்கச் சொல்கிறது. அதற்கு அடுத்த குறளே நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதச் சொல்கிறது. பிற்காலத்தில் ஒன்றையொன்று பகைத்துக்கொண்ட இரண்டு பார்வைகள் அங்கே அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன.

‘முழுமை’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹோலிஸம்’ என்னும் புதுச் சொல்லை ஆக்கி 1926ஆம் ஆண்டிலே ஒரு நூலின் பெயரில் வைத்தவர் வைத்தியரல்லர். தென்னாபிரிக்க இராணுவத் தளபதியும் அரசியல்வாதியுமான ஜான் ஸ்மட்ஸ். காந்தியடிகளைச் சிறையிலிட்ட அதே ஸ்மட்ஸ்தான். 1913ஆம் ஆண்டுப் போராட்டத்திற் சிறை சென்று, அங்கே பற்றிய காய்ச்சலால் 1914இல் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையை அறிந்த தமிழர்களுக்கு அப்பெயர் அந்நியமானதன்று. பகுதிகளின் கூட்டுத்தொகையினும் முழுமை பெரிது என்று தத்துவம் எழுதியவர், தம் நாட்டின் பெரும்பான்மை மக்களாகிய கறுப்பினத்தவரை அந்த முழுமையிற் சமமாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. ‘முழுமை’ என்று ஒருவர் சொல்லும்போது அதற்குள் எவரை வைத்தார், எவரை விட்டார் என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

இனி, இக்கொள்கையை ஏட்டில் வையாது செங்கல்லிலும் கண்ணாடியிலும் கட்டிப் பார்த்த ஓர் உதாரணத்தைச் சொல்வோம். இலண்டன் மாநகரின் தென்பகுதியிலே பெக்கம் என்பது தொழிலாளர் நிறைந்த ஒரு வட்டாரம். ஸ்கொட் வில்லியம்சன், இன்னஸ் பியர்ஸ் என்னும் வைத்தியர் இருவர் 1926ஆம் ஆண்டில் அங்கே ஒரு சிறு வீட்டில் தம் முயற்சியைத் தொடங்கினர். வைத்தியர்கள் நோயைப் பற்றியே படிக்கிறார்கள். ஆரோக்கியம் என்பது எப்படியிருக்கும் என்று எவராவது படித்ததுண்டா என்பது அவர்கள் கேள்வி. 1935இல் ஓவன் வில்லியம்ஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த பெரிய கட்டடத்திற்கு அந்நிலையம் இடம் மாறியது. நடுவே நீச்சற்குளம், அதைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர்கள், தேகப்பயிற்சிக் கூடம், சிற்றுண்டிச்சாலை, குழந்தைகளுக்கான இடம். எங்கே நின்றாலும் அயலவர் செய்வது கண்ணிற்படும். ஒருவர் நீந்துவதைக் கண்டு மற்றவருக்கும் நீந்த ஆசை பிறக்க வேண்டும் என்பதே அக்கண்ணாடியின் நோக்கம்.

தனி மனிதர் அங்கே சேர முடியாது, குடும்பமே உறுப்பினர். குடும்பம் ஒன்றுக்கு வாரம் ஒரு ஷில்லிங். குறித்த காலத்துக்கு ஒருமுறை தந்தை, தாய், பிள்ளைகள் எல்லாரையும் முற்றாகப் பரிசோதித்து, பின்னர் குடும்பத்தாரை ஒன்றாக இருத்தி, கண்டவற்றை எடுத்துரைப்பார்கள். இன்னது செய்யுங்கள் என்று கட்டளையிடுவதில்லை; மருந்து கொடுப்பதுமில்லை. சிகிச்சை வேண்டியவர்களை அவரவர் வைத்தியரிடமோ வைத்தியசாலைக்கோ அனுப்பிவிடுவார்கள். பரிசோதனையின் முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. வந்தவர்களிற் பத்துப் பேரில் ஒன்பது பேர் அளவில் ஏதோவொரு குறையுடையவர்களாயிருந்தனர். இரத்தச் சோகை, பழுதடைந்த பற்கள் போன்றவற்றோடு நடமாடிய பலர் தம்மை நோயாளர் என்று எண்ணவேயில்லை. களைப்பு என்பது வாழ்க்கையின் இயல்பு என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். நம் வீட்டுத் தாய்மார் பலரும் இன்றும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

போர்க்காலத்தில் மூடப்பட்டுப் பின்னர் திறக்கப்பட்ட அந்நிலையம் 1950ஆம் ஆண்டில் நிரந்தரமாக மூடப்பட்டது. 1948இல் பிரித்தானியாவில் உருவான தேசிய சுகாதார சேவைக்குள் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அது நோயைக் குணப்படுத்துவதை விட்டு ஆரோக்கியத்தையே நோக்கியது. ஒரு வட்டாரத்தாருக்கு மட்டும் உரியதாயிருந்தது. பணம் செலுத்தியே சேர வேண்டியிருந்தது. தன்னைத் தானே நிருவகிக்க விரும்பியது. அரசாங்கத்தின் சேவையோ எல்லாருக்கும் உரியது, இலவசமானது, ஒரே நிருவாகத்தின் கீழ் நடப்பது. பெக்கத்தின் அன்பர்கள் இதனை அநியாயம் என்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு ஷில்லிங் கொடுக்க இயலாத குடும்பத்துக்கு நீச்சற்குளத்தைக் காட்டிலும் பென்சிலின் அவசரமானது.

பெக்கத்தைப் பற்றிய மற்றொரு கேள்வியும் உண்டு. பத்துக்கு ஒன்பது பேரில் குறை கண்டுபிடித்தால், அக்குறைகளெல்லாம் நோய்களா? தேடினால் எவரிடமும் ஏதாவது ஒன்று அகப்படும் அன்றோ! உலக சுகாதார நிறுவனத்தின் சாசனமும் இதே இடத்திற் சிக்கிக்கொண்டது. 1946இல் கையெழுத்தாகி 1948 ஏப்ரல் 7ஆந் தேதி நடைமுறைக்கு வந்த அச்சாசனம், ஆரோக்கியம் என்பது நோயற்றிருப்பது மட்டுமன்று, உடல், மனம், சமூக வாழ்வு மூன்றிலும் பூரண நலம் என்று வரையறுத்தது. ‘பூரண’ என்ற அந்தச் சொல்லைப் பின்னாளில் ஒல்லாந்து வைத்தியர் மக்டெல்ட் ஹூபர் முதலானோர் 2011இல் ஒரு கட்டுரையிற் கண்டித்தனர். அவ்வரையறைப்படி பார்த்தால் உலகில் ஆரோக்கியமுடையவர் எவருமிலர். முதுமையில் நீரிழிவோடு நன்றாக வாழ்பவரும் நோயாளியாகவே எண்ணப்படுவார் என்பது அவர்கள் வாதம். நோயில்லாதவர்களையும் ஆண்டுதோறும் பரிசோதிப்பதால் நன்மை உண்டா என்று 14 ஆராய்ச்சிகளை ஒருங்கே நோக்கிய கொக்ரேன் மதிப்பீடு ஒன்று 2012இல் வெளிவந்தது. அத்தகைய பொதுப் பரிசோதனைகளால் மரணங்கள் குறையவில்லை என்பதே அது கண்ட முடிவு.

அமெரிக்காவிலே இக்கொள்கைக்கு விஞ்ஞான வடிவம் கொடுக்க முனைந்தவர் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் எங்கல். உடல், உள்ளம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோயை விளங்கிக்கொள்ள வேண்டுமென்று 1977இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் மருத்துவ மாணவர்களுக்குப் போதிக்கப்படுகிறது. பிறகு அவர் விவரித்த ஒரு சம்பவம் மனத்திற் பதிவது. மாரடைப்பென்று வைத்தியசாலைக்கு வந்த ஒருவர் முதலிற் சற்றே தேறியிருந்தார். பயிற்சி வைத்தியர்கள் அவரது நாடியிலிருந்து இரத்தம் எடுக்க முயன்று, பலமுறை குத்தியும் முடியாமல், அவரைத் தனியே விட்டுவிட்டு உதவிக்கு ஆள் தேடிப் போயினர். வேதனையும் கோபமும் அச்சமும் அவரை வாட்டின. சிறிது நேரத்தில் அவரது இதயத் துடிப்புத் தாளம் தவறியது. மருந்தெல்லாம் சரியாகவே இருந்தது. அவரைத் தனியே விட்டதுதான் தவறு என்பது எங்கலின் கருத்து. நோயாளியோடு ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம் என்பதை எவர் மறுப்பார்? எனினும், தனிமைதான் தாளத்தைத் தவறச் செய்தது என்று எப்படி அறிவது? மாரடைப்பு ஒன்றே அதற்குப் போதுமானதன்றோ! உளவைத்தியர் நாசீர் காமி 2010இல் எழுதிய நூலில், எங்கலின் முறை எல்லாவற்றையும் கவனி என்கிறதேயொழிய எதை முதலிற் கவனிப்பது என்று சொல்வதில்லை என்று குறை கூறினார். அதற்கு முன்பே, தத்துவப் பேராசிரியர்களான ஸ்ரோக்கர், கிளைமோர் இருவரும் 1980களில் இன்னும் கூர்மையாகக் கண்டித்திருந்தனர். முழுமைநோக்கு மருத்துவம் சொல்பவற்றுட் சில எந்த நல்ல வைத்தியரும் ஒப்புக்கொள்ளும் சாதாரண உண்மைகள், ஏனையவை ஆதாரமில்லாதவை, முதல் வகையின் நன்மதிப்பிலே இரண்டாம் வகை விலைபோகிறது என்பது அவர்கள் கண்டனத்தின் போக்கு.

இரைப்பைப் புண்ணின் கதை இக்கண்டனத்துக்குப் பெரிய சான்று. 1950இல் பிரான்ஸ் அலெக்சாந்தர் என்னும் உளப்பகுப்பாய்வாளர், மனப் போராட்டத்தோடு தொடர்புடையனவாக ஆராய்ந்த ஏழு நோய்களுள் இதுவும் ஒன்று. ஆஸ்துமாவும் மூட்டழற்சியும் வேறிரண்டு. ஆகவே கவலையை விடு, வேலையைக் குறை, பாலும் காரமற்ற உணவும் கொள் என்று ஒரு தலைமுறை முழுவதற்கும் உபதேசிக்கப்பட்டது. புண் ஆறாதபோது, கவலையை விடத் தெரியாத நோயாளியே குற்றவாளியானார். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன், பரி மார்ஷல் என்னும் இருவர் 1982இல் இரைப்பையில் வாழும் ஒரு வளைந்த கிருமியை வளர்த்துக் காட்டினர். எவரும் நம்பாமையால் 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வருவித்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆண்டுக்கணக்காக வருந்திய புண் இரண்டு வார மருந்தில் ஆறலாயிற்று. அதே சமயம், அக்கிருமியை வயிற்றிற் சுமப்பவர்களிற் சிறுபான்மையோருக்கே புண் உண்டாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஏன், மற்றவருக்கு ஏன் இல்லை என்ற கேள்வியை முழுமைநோக்கினர் கேட்பது நியாயமே. ஆனால் கிருமியைக் கொல்லாமல் அக்கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நோயாளிக்கு ஆவதென்ன?

இவ்விடத்தில்தான் இவ்விவாதம் ஏட்டை விட்டு வீட்டுக்குள் வருகிறது. மனமே நோய்க்குக் காரணம் என்றால், நோயுற்றவர் தம் மனத்தைச் சரியாக வைத்திராதவர் என்றாகிறது. எழுத்தாளர் சூசன் சொன்ராக் தாமே மார்பகப் புற்றுநோயால் வருந்திய பின்னர் 1978இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே சயரோகம் மென்மையான உள்ளத்தாரின் நோய் என்று கதை கட்டியது போல, நம் காலத்திற் புற்றுநோய் உணர்ச்சிகளை அடக்கி வைப்போரின் நோய் என்று கதை கட்டுகிறார்கள். காரணம் தெரியாத நோய்க்கே இத்தகைய கதைகள் பிறக்கின்றன. அவை நோயாளியின் தலையிற் பழியைச் சுமத்துகின்றன என்று அவர் எழுதினார். வேறொருவர், றொபேட் குரோபேட் என்னும் சமூகவியலாளர், 1980இல் இதே பழியின் மறுபக்கத்தைக் காட்டினார். ஆரோக்கியம் அவரவர் பொறுப்பு என்று ஓயாமற் சொன்னால், தொழிற்சாலைப் புகையும் குறைந்த கூலியும் நெருக்கடியான குடியிருப்பும் பேச்சிலிருந்து மறைந்துவிடும் என்றார். சயரோகக் கிருமியை றொபேட் கொக் 1882இற் கண்டுபிடித்தார். அதனைக் கொல்லும் ஸ்ரெப்ரோமைசின் 1940களில் வந்தது. இங்கிலாந்திலோ அந்நோயின் மரணங்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே குறைந்துவந்தன. உணவா, வீட்டு வசதியா, நகர சுகாதாரமா எது பிரதான காரணம் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். காரணம் எதுவாயினும், தனி மனிதரின் மனவமைதி அப்பட்டியலில் முன்னிற்கவில்லை.

பழியினும் கொடியது தாமதம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்த புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நாடிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டனர். மாற்று வைத்தியத்தை நாடியவர்களின் மரண அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்கினும் அதிகம். பழையதும் இயற்கையானதும் தீங்கு செய்யா என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. பொஸ்டன் நகர்க் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்டபோது, 14இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ காணப்பட்டது. இதனால் நம் பரியாரிமார் எல்லாரையும் குறை கூறுவதாக எவரும் எண்ணலாகாது. கையால் நாடி பிடித்து, அரை மணி நேரம் பேசி, குடும்ப வரலாற்றையும் அறிந்து வைத்திருந்த அவர்களிடம் இக்கால வைத்தியர் கற்கவேண்டியவை உண்டு. அந்த அரை மணி நேரம் நல்லது. புட்டியில் இருப்பது என்ன என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கும்போதுதான் நாம் ஏமாறுகிறோம்.

அப்படியானால் மனத்தைத் தேற்றுவதாற் பயனில்லையா? இதனைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து உளவைத்தியர் டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 86 பெண்களை ஆராய்ந்து 1989இல் முடிவுகளை வெளியிட்டார். வாரந்தோறும் கூடித் தம் துயரைப் பகிர்ந்துகொண்ட பெண்கள் சராசரி 36.6 மாதங்களும், அவ்வாறு கூடாதவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்தனர். மனத்தாற் புற்றுநோயை வெல்லலாம் என்ற பேச்சைப் பொய்யென்று காட்டவே தொடங்கியவர் அவர் என்பது இதில் விசேடம். உலகெங்கும் இச்செய்தி பரவியது. ஆனால் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு நடத்திய பெரிய ஆராய்ச்சி 2001இல் வேறு விடை தந்தது. கூட்டத்திற் சேர்ந்த பெண்களின் வலியும் மனத்துயரும் குறைந்தன, ஆயுள் கூடவில்லை. ஸ்பீகல் தாமே மீண்டும் செய்து 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் அப்பழைய பலன் தோன்றவில்லை. தம் பெயரை உலகறியச் செய்த முடிவைத் தாமே மறுபடி சோதித்து, அது நிலைக்கவில்லை என்று அச்சிட்ட அவரை நாம் மதிக்கிறோம். வலி குறைந்தது என்பதும் சிறிய விஷயமன்று. அதனை ஆயுள் என்று பெயரிட்டு விற்க வேண்டியதில்லை.

முழுமை என்ற சொல்லுக்குத் திட்டமான பொருள் கொடுத்தவராக நாம் எண்ணுவது இங்கிலாந்தின் சிசிலி சோண்டர்ஸ் அம்மையாரை. 1918இற் பிறந்த இவர் முதலில் தாதியாகவும், பின்னர் வைத்தியசாலைச் சமூக சேவகியாகவும் வேலை செய்து, மரணத் தறுவாயிலுள்ளோரின் வலிக்கு வழி காணவேண்டுமென்றே வைத்தியம் படித்து 1957இல் டாக்டரானார். அக்காலத்தில் வலி தாங்கமுடியாத நிலை வந்த பின்பே நோயாளிக்கு மோர்பின் கொடுப்பது வழக்கம். வலி திரும்புமுன் மணிக்கணக்குத் தவறாமற் கொடுத்தால், வலியைப் பற்றிய அச்சமும் நீங்கும் என்று இவர் காட்டினார். வலி என்பது உடலின் வேதனை மட்டுமன்று. பிள்ளைகளை யார் பார்ப்பார் என்ற கவலை, வருமானம் நின்றுவிட்ட சங்கடம், ஏன் எனக்கு இது வந்தது என்ற ஆன்மாவின் கேள்வி ஆகிய யாவும் அதிற் கலந்துள்ளன என்று கூறி, அதற்கு ‘முழு வலி’ என்று பெயரிட்டார். 1948இல் அவர் பராமரித்த போலந்து அகதி ஒருவர் இறக்குமுன், அவர் அமைக்கப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று 500 பவுண் விட்டுச் சென்றார். அந்த இல்லம், இலண்டனின் புனித கிறிஸ்தோபர் இல்லம், 1967இலேயே திறக்கப்பட்டது. அங்கே உடல் வலிக்கு மோர்பின் உண்டு. பிள்ளைகளின் கவலையைக் கேட்க ஓர் ஆள் உண்டு. பணக் கஷ்டத்துக்கு வழி தேட மற்றோர் ஆள் உண்டு. மனத்தைத் தேற்றுகிறோம் என்று மருந்தை நிறுத்துவதுமில்லை. மருந்து கொடுத்தாயிற்று என்று மனிதரை விட்டுப் போவதுமில்லை.

அவர் வழியை ஏற்றவர்கள் அதனையும் சோதனைக்கு உட்படுத்தினர். பொஸ்டனிலே பரவிய சுவாசப்பைப் புற்றுநோயுள்ள 151 பேரிற் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு, தொடக்கத்திலிருந்தே இத்தகைய ஆதரவுப் பராமரிப்பையும் கொடுத்துப் பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது; இறுதி நாட்களிற் பயனற்ற கடுஞ்சிகிச்சைகள் குறைந்தன; நடுவளவாக 8.9 மாதங்களுக்குப் பதில் 11.6 மாதங்கள் வாழ்ந்தனர். பிறகு வேறிடங்களில் நடந்த ஆராய்ச்சிகள் எல்லாவற்றிலும் ஆயுள் இவ்வாறு நீளவில்லை. நோயாளிகளின் வாழ்நாட்களிற் துன்பம் குறைந்தது என்பது மட்டும் அவற்றுட் பெரும்பாலானவற்றிற் காணப்பட்டது.